கடல் சாமந்தியை வீட்டுத் தொட்டியில் வளர்க்க: தண்ணீர் கலப்பதிலிருந்து அது இரண்டாகப் பிரிவது வரை

கடல் சாமந்தி நடக்கும். வாங்குவதற்கு முன்னால் இந்த ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அது பாறையில் ஒட்டி வாழும் ஒரு கடல் விலங்கு (sea anemone). பேரில் பூ இருப்பதால் பலர் அதைச் செடி மாதிரி நினைத்து, தொட்டியில் தங்களுக்குப் பிடித்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். மறுநாள் காலையில் அது அங்கே இருக்காது. அடியில் இருக்கும் தட்டையான பாதத்தால் பாறையைப் பிடித்து, மெல்ல மெல்ல நகர்ந்து, வெளிச்சமும் நீரோட்டமும் தனக்கு ஒத்துவரும் இடத்தைத் தேடிப் போயிருக்கும். அப்படி ஓர் இடம் தொட்டியில் கிடைக்காவிட்டால் நடப்பதை நிறுத்தாது. நடந்துகொண்டே இருக்கும் சாமந்தி அதிக நாள் பிழைப்பதில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் சாமந்திக்குச் செய்ய வேண்டியதைவிட, அது வருவதற்கு முன் தொட்டிக்குச் செய்ய வேண்டியதுதான் அதிகம். சென்னையில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். என் முதல் சாமந்தியை இரண்டே மாதமான தொட்டியில் விட்டு, மூன்று வாரத்தில் இழந்தேன். அந்த வருத்தத்தில் கற்றுக்கொண்டதும் இதில் இருக்கிறது.

இது எவ்வளவு காலம் வாழக்கூடிய உயிர் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1828இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஜான் டேலியல் என்ற இயற்கை ஆய்வாளர் ஒரு சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். 1851இல் அவர் இறந்துபோனார். சாமந்தி கை மாறி, 1887 வரை உயிரோடு இருந்தது. அது குளிர்ந்த கடலின் இனம், விளக்கெல்லாம் கேட்காதது. நாம் வளர்க்கும் வெப்பக்கடல் இனங்களின் தேவை வேறு. ஆனாலும் ஒரு சாடியில் 59 வருடம் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் செத்துப்போவது இதன் இயல்பு இல்லை.

எந்த இனம்?

கோமாளி மீன்கள் குடியிருக்கும் சாமந்தி இனங்கள் மொத்தமே பத்துதான். அதில் முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: பபிள் டிப், அதாவது எண்டக்மியா குவாட்ரிகலர். வாயைச் சுற்றி விரல் விரலாக நீளும் கைகளின் நுனி சின்ன பல்பு போல உப்பியிருக்கும். பழுப்பு, பச்சை, சிவப்பு என்று பல நிறங்களில் கிடைக்கும். தொட்டியில் நன்றாக வாழ்ந்தால் 30 சென்டிமீட்டர் அகலம் வரை விரியும். சில சமயம் நுனி உப்பாமல் கைகள் நீளநீளமாகவே இருக்கும். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் அதை நோய் என்று நினைக்க வேண்டாம்.

கார்பெட் சாமந்தியும் மாக்னிஃபிகாவும் பார்க்கப் பிரமாதம். ஆனால் கடலிலிருந்து பிடித்துக் கொண்டுவந்த மாக்னிஃபிகா பயணத்திலேயே நொந்து வரும், தேற்றுவது மிகக் கடினம். கார்பெட்டின் கொட்டு பலமானது, தூங்கும் மீனையும் பிடித்துத் தின்னும். இரண்டையும் சில வருட அனுபவத்துக்குப் பிறகு பார்க்கலாம்.

பபிள் டிப்பில் இன்னொரு நன்மை, அது தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும். வேறொருவர் வீட்டுத் தொட்டியில் பிரிந்த துண்டு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கடலிலிருந்து ஓர் உயிர் குறையாது. செயற்கை விளக்குக்கும் அது ஏற்கெனவே பழகியிருக்கும்.

ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போகும்போது கடலிலிருந்தே எடுத்துவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இலிருந்து கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பவளப்பாறையும் அப்படியே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது அது. 'லைவ் ராக்' என்று யாராவது பவளத் துண்டை விற்றால் வாங்காதீர்கள். செராமிக்கிலோ சிமென்ட்டிலோ செய்த செயற்கைப் பாறை போதும். ஆறு மாதத்தில் அதில் பாக்டீரியாவும் ஊதா நிறப் பாசியும் ஏறி, அதுவும் உயிருள்ள பாறையாகிவிடும்.

தொட்டியும் அதன் வயதும்

200 லிட்டருக்குக் குறையாத தொட்டி எடுங்கள். சின்னத் தொட்டியில் முடியவே முடியாது என்றில்லை. ஆனால் சின்னத் தொட்டியில் உப்பும் சூடும் சீக்கிரம் ஏறி இறங்கும். சாமந்தி தாங்காதது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

புதுத் தொட்டியில் கழிவிலிருந்து வரும் அமோனியா ஏறி, பாக்டீரியாவால் நைட்ரைட்டாக மாறி, நைட்ரேட்டாக முடிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டியதும் 'தொட்டி ரெடி' என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒன்றிரண்டு மீனுக்கு அது ரெடி. சாமந்திக்கு இல்லை. அதற்கப்புறம் பழுப்புப் பாசி வரும், போகும். பச்சைப் பாசி வரும், அதைத் தின்ன நத்தை விடுவீர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறி இறங்கி ஒரு நிலைக்கு வரும். இதெல்லாம் அடங்க ஆறு மாதம் ஆகிறது, எட்டு மாதம் என்றால் இன்னும் நல்லது. கண்ணாடியைத் துடைக்கும் இடைவெளி வாரத்துக்கு ஒருமுறை என்று நிலைத்து, தொடர்ந்து இரண்டு மாதம் அளவுகள் பெரிதாக மாறாமல் இருந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பார்க்க வேண்டிய அளவுகள் இவை. வெப்பம் 25இலிருந்து 27 டிகிரி. உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025 - 1.026. பி.எச். 8.1 - 8.4. காரத்தன்மை 8 - 11 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு). கால்சியம் லிட்டருக்கு 400 - 450 மில்லிகிராம், மக்னீசியம் 1300 அருகில். நைட்ரேட் 10க்குள். ஆனால் நைட்ரேட்டைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். சாமந்தியின் உடம்புக்குள் வாழும் பாசிக்கும் கொஞ்சம் சத்து வேண்டும்.

செம்பு மட்டும் துளிகூட இருக்கக் கூடாது. மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் செம்பு மருந்தை ஒருமுறை ஊற்றினாலும் பாறையும் மணலும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கக்கும். பழைய தொட்டி வாங்குகிறவர்கள், இதில் முன்பு என்ன மருந்து போட்டீர்கள் என்று அவசியம் கேளுங்கள்.

தண்ணீர், உப்பு, கத்திரி வெயில்

குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ கூடாது. வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் மட்டும் போதாது. பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள், டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவு, 50, 80 என்று காட்டும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு, மிச்சமிருக்கும் தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்து, மீட்டரில் பூஜ்யம் வந்த தண்ணீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். முதலில் தண்ணீர், அதில் உப்பு. லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் மேல் தேவைப்படும். பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்பு) போட்டு ஓர் இரவு சுழலவிட்டு, காலையில் உப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ரெஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரை வைத்துச் சரிபார்ப்பதைவிட 35க்கென்றே விற்கும் திரவத்தை வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

இனி நம் ஊர்ச் சிக்கல். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். 200 லிட்டர் தொட்டியில் மூன்று நாளில் 12 லிட்டர் ஆவியானால் 35ஆக இருந்த உப்பு 37ஐத் தாண்டிவிடும். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, குறைந்த தண்ணீரை ஒரே ஊற்றாக ஊற்றினால் ஒரே நிமிடத்தில் பழையபடி 35. உப்பு ஏறியது ஒன்று, சட்டென்று இறங்கியது இன்னொன்று என்று சாமந்திக்கு இது இரட்டை அடி. அதனால் குறைந்ததைத் தினமும் நிரப்புங்கள், உப்புக் கலக்காத அதே ஆர்.ஓ.-டி.ஐ. தண்ணீரால். தானாக நிரப்பும் கருவி வாங்க முடிந்தால் மற்ற எதற்கும் முன்னால் அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

வெப்பம் அதைவிடக் கடினம். மே மாதம் சென்னையில் மூடிய அறைக்குள் பகலில் 34 டிகிரி சாதாரணம். தொட்டி 30ஐத் தொட்டு அங்கேயே நாள்கணக்கில் நின்றால் சாமந்தி தன் உடம்புக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும், வெளுத்துப்போகும். தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் ஃபேன் அவ்வளவு வேலை செய்யாது. கோயம்புத்தூரில் ஃபேனோடு சமாளிக்கிறவர்கள் இருப்பார்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும், இல்லையென்றால் அறையில் நாள் முழுக்க ஏ.சி. வேண்டும். இந்தச் செலவுக்கு வழியில்லை என்றால் சாமந்தியைத் தள்ளிப்போடுங்கள். மனதார இதைச் சொல்கிறேன்.

விளக்கு, நீரோட்டம், பம்பின் வாய்

சாமந்தியின் சாப்பாட்டில் பெரும்பங்கு அதன் உடம்புக்குள் இருக்கும் பாசி வெளிச்சத்தில் சமைப்பது. அதனால் பவளம் வளர்க்கத் தகுந்த எல்.இ.டி. விளக்கு வேண்டும். மீன் தொட்டிக்கு வரும் சாதாரண டியூப் போதாது. மீட்டர் இரவல் கிடைத்தால் பி.ஏ.ஆர். அளவு (பாசி சமைக்கப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) 100இலிருந்து 250 வரை இருக்கும்படி தொட்டியில் வெவ்வேறு இடங்களை அமையுங்கள். புது விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் வைக்க வேண்டாம். பாதியில் தொடங்கி மூன்று நாலு வாரத்தில் ஏற்றுங்கள்.

பாறையை அடுக்கும்போது பபிள் டிப்பின் பழக்கத்தை யோசியுங்கள். அது பாதத்தை இருட்டான பொந்துக்குள் ஆழமாக விட்டு, கைகளை மட்டும் வெளிச்சத்தில் விரிக்கும். உங்கள் கை நுழையும் அளவுக்கு ஆழமான இடுக்கு, தொட்டியின் நடு உயரத்தில் ஒன்றிரண்டாவது இருக்க வேண்டும். முடிந்தால் அந்தப் பாறையை மற்றப் பாறைகளிலிருந்து தள்ளி, தனித் தீவு போல வையுங்கள். மணலில் நடந்துபோகப் பபிள் டிப் அவ்வளவாக விரும்பாது, அதனால் தீவிலேயே தங்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் பவளம் ஏதும் வைக்க வேண்டாம், கை பட்ட இடமெல்லாம் கொட்டிவிடும்.

பம்பு விஷயத்துக்கு வருகிறேன். என் இரண்டாவது சாமந்தி ஒன்பது மாதம் நன்றாக இருந்தது. ஒருநாள் காலையில் தொட்டி முழுக்கப் பால் கலந்தது போல வெளுத்திருந்தது. பவர்ஹெட்டின் பின்பக்க இடுக்குகளில் சிவப்புச் சதை நூல் நூலாகச் சிக்கியிருந்தது. இரவில் கண்ணாடி வழியாக நடந்துபோயிருக்கிறது. அதன் கொட்டும் செல்கள் தண்ணீரெங்கும் கலந்ததில் இரண்டு மீனும் போயின. பத்து ரூபாய் ஸ்பாஞ்சில் தடுத்திருக்கலாம்.

ஆகவே சாமந்தி வருவதற்கு முன், பின் அல்ல, எல்லா பவர்ஹெட்டுக்கும் ஸ்பாஞ்ச் உறையோ நெருக்கமான வலைக்கூடோ போடுங்கள். தொட்டி நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோவின் பற்களுக்கும் வலை. ஹீட்டர் இருந்தால் அதற்கும் பிளாஸ்டிக் கூடு. ஸ்பாஞ்ச் வாரம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும், கழுவிப் போடுங்கள். நீரோட்டம் ஒரே திசையில் பீய்ச்சி அடிக்காமல் மாறி மாறி வரவேண்டும். கைகள் மெல்ல அசைந்தாடினால் சரியான அளவு. ஒரு பக்கமாகப் படிந்து கிடந்தால் அதிகம்.

கடையில் என்ன பார்ப்பது

சென்னைக் கொளத்தூரில் கடல் மீன் விற்கும் கடைகளில் சாமந்தி வரும். வந்த அன்றே வாங்காதீர்கள். ஒரு வாரம் கடைத் தொட்டியில் இருக்கட்டும், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் வாய். நடுவில் இருக்கும் வாய் இறுக மூடியிருக்க வேண்டும். திறந்து, உள்ளே இருப்பது பிதுங்கி வந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து பாதம். கிழிசல் இருக்கக் கூடாது. கண்ணாடியையோ கல்லையோ பிடித்திருக்க வேண்டும், உருண்டுகொண்டிருக்கக் கூடாது. மூன்றாவது, ஒட்டும் தன்மை. கடைக்காரரிடம் ஒரு துண்டு இறாலைக் கொடுக்கச் சொல்லுங்கள், கைகள் உடனே பற்றிக்கொள்ள வேண்டும். நாலாவது நிறம். பாலாக வெளுத்ததைப் பலர் அழகு என்று வாங்குகிறார்கள். அது பாசியை இழந்து பட்டினியில் இருக்கும் உயிர். பளீர் மஞ்சளாகவோ ரோஜா நிறமாகவோ உடம்பு முழுக்க ஒரே சாயமாகத் தெரிந்தால் உண்மையிலேயே சாயம் ஏற்றியதாக இருக்கலாம்.

எடுக்கும்போது பாதத்தை இழுத்துப் பிய்த்தால் பணத்தைக் கொடுத்துவிட்டாலும் பரவாயில்லை, வாங்காமல் வாருங்கள். கிழிந்த பாதத்தோடு தேறுவது அரிது. ஒட்டியிருக்கும் கல்லோடு விற்கிறார்கள் என்றால் கல்லுக்கும் சேர்த்துக் காசு கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த நாள்

பையை மூடியபடி தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். அப்புறம் பைத் தண்ணீரின் உப்பை அளந்து பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அரை மணி நேரம் போதும். இருந்தால் வாளியில் மாற்றி, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாகத் தொட்டி நீரை விட்டு, ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சமப்படுத்துங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, சாமந்தியைக் கீழிருந்து ஏந்தி எடுங்கள். பம்புகளை நிறுத்திவிட்டு, நீங்கள் தயாராக வைத்திருக்கும் பொந்தின் மேல் பாதம் படும்படி விடுங்கள். முதலில் உருளைக்கிழங்கு அளவுக்குச் சுருங்கித்தான் இருக்கும். அரை மணியில் பாதம் மெல்லப் பிடிக்கத் தொடங்கும். பிடித்த பிறகு பம்பைக் குறைந்த வேகத்தில் போடுங்கள்.

அப்புறம் கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. மறுநாள் அது பாறையின் பின்பக்கம் போய் ஒளிந்திருக்கும், உங்களுக்கு அதன் ஒரு நுனிகூடத் தெரியாது. இழுத்து முன்னால் வைக்கத் தோன்றும். வைத்தால் மறுபடி நடக்கும், நடக்க நடக்கச் சக்தி கரையும். ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். வெளிச்சத்துக்குத் தானே வரும். ஒரு மாதமாகியும் நாளுக்கொரு இடமாக அலைந்தால் அப்போது தண்ணீரையும் விளக்கையும் நீரோட்டத்தையும் சோதியுங்கள். தவறு அங்கேதான் இருக்கும்.

சாப்பாடு

முதல் வாரம் ஒன்றும் வேண்டாம். அதன் பிறகு வாரம் ஒருமுறை போதும், வெளுத்துப்போனதாக இருந்தால் வாரம் இரண்டு மூன்று முறை, மிகச் சின்னத் துண்டாக. மார்க்கெட்டில் வாங்கிய பச்சை இறாலை ஓடும் குடலும் நீக்கி, உப்பும் மஞ்சளும் படாமல் கழுவி, நறுக்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த மைசிஸ் (இறால் போன்ற மிகச் சிறிய உயிர்) கிடைத்தால் அதுவும் நல்லது. துண்டு அதன் வாயைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சுண்டுவிரல் நகத்தின் பாதி என்பது என் கணக்கு.

பம்பை நிறுத்தி, நீளமான இடுக்கியால் கைகளின் மேல் வையுங்கள். உடனே நாலைந்து கைகள் ஒட்டும். அப்புறம் அந்தப் பக்கம் முழுவதும் மடிந்து உள்ளே குவியும், துணிப்பையின் வாயைச் சுருக்குவது போல. நடுவில் வாய் உதடு போல மெல்ல எழும்பி வந்து துண்டை விழுங்கும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை கோமாளி மீன் பிடுங்காமல் இருக்க, அதற்கு வேறு பக்கம் தீனி போட்டுவிடுங்கள். மறுநாள் துண்டு அப்படியே வெளியே கிடந்தால் பெரிதாகிவிட்டது என்று பொருள், அடுத்த முறை பாதியாக்குங்கள்.

கோமாளி மீன்

மீன் இல்லாமலும் சாமந்தி நன்றாக வாழும். சாமந்தி இல்லாமல் மீனும் தொட்டியில் வாழும். ஆனாலும் இரண்டும் சேர்வதைப் பார்க்கத்தான் நாம் ஆசைப்படுகிறோம். சாமந்தி வேரூன்றிய பிறகே மீனை விடுங்கள். புதிதாக வந்து நொந்திருக்கும் சாமந்தியை மீன் முட்டி முட்டி விரியவிடாமல் செய்துவிடும். பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த மீன் வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன, கடலிலிருந்து பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எல்லோருக்கும் பிடித்த ஆரஞ்சு-வெள்ளை ஒசெல்லாரிஸ் மீன் இயற்கையில் பபிள் டிப்பில் வாழ்வதில்லை. தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், சில மீன் மாதக்கணக்கில் திரும்பியே பார்க்காது. கிளார்க்கி என்ற கோமாளி மீன் பத்துச் சாமந்தி இனத்திலும் வாழக்கூடியது, சீக்கிரம் சேரும், ஆனால் முரடு. பட்டாம்பூச்சி மீனைச் சேர்க்காதீர்கள், சாமந்தியைக் கொத்தித் தின்னும். கடல்குதிரையையும் சேர்க்காதீர்கள், அதைச் சாமந்தி பிடித்துக்கொள்ளும்.

சுருங்கிக் கிடந்தால்

புதியவர்கள் பதறுவது இதற்குத்தான். நேற்று தட்டு போல விரிந்திருந்தது இன்று வதங்கிய தக்காளி போலக் கிடக்கும். பெரும்பாலும் அது பழைய தண்ணீரையும் கழிவையும் வெளியேற்றுகிறது. பழுப்பு நூல் போல வாயிலிருந்து வரும். சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில், மறுபடி விரியும்.

பயப்பட வேண்டியது வேறு. வாய் திறந்தே இருப்பது, பாதம் பிடியை விடுவது, உடம்பு வெள்ளைச் சளியாகக் கரைவது. மூடிய டப்பாவில் எடுத்து வெளியே கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் இறந்துவிட்டது. உடனே தொட்டியிலிருந்து அகற்றி, கால்வாசித் தண்ணீரை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். வாடை இல்லையென்றால் உயிர் இருக்கிறது. உப்பு, வெப்பம், காரத்தன்மை மூன்றையும் அளந்து, தவறினதை மெதுவாகத் திருத்துங்கள்.

மின்சாரம் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடென்றால் ஒரு பவர்ஹெட்டை மட்டும் அதில் இணையுங்கள், விளக்கு ஒரு நாள் எரியாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

இரண்டாகப் பிரிவது

ஒருநாள் வாய் நீள்வட்டமாக இழுபடும். பாதத்தின் இரண்டு முனைகளும் எதிரெதிர்த் திசையில் நடக்கத் தொடங்கும். நடுவில் சதை கிழிந்து, சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் இரண்டு சாமந்தியாகிவிடும். கிழிந்த பக்கம் பார்க்கவே பாவமாக இருக்கும், கைகள் ஒரு பக்கம் மட்டும் நிற்கும். ஒரு வாரம் தீனி கொடுக்காதீர்கள். வாய் வட்டமாக மூடிய பிறகு மிகச் சின்னத் துண்டாகத் தொடங்குங்கள். நல்ல தீனியில் கொழுத்தும் பிரியும், தொந்தரவு தாங்காமலும் பிரியும். தண்ணீர் மாற்றிய மறுநாளோ சூடு ஏறிய வாரத்திலோ பிரிந்தால் அளவுகளை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

ஒன்றை நண்பருக்குக் கொடுக்கத் தோன்றினால் இரண்டு மாதம் தேறவிடுங்கள். அப்புறம் பாறையோடு எடுத்துக் கொடுப்பதே நல்லது. அது முடியாதபோது, பாதத்துக்கு நேர் பின்னால் பாறையில் ஒரு ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர் பிடிக்காமல் பாதம் ஓர் ஓரமாகத் தளரும். தளர்ந்த ஓரத்தில் விரல் நுனியை, நகத்தை அல்ல, மெல்லச் செருகி, அது விடும்போது விடும் அளவுக்கு மட்டும் தள்ளிக்கொண்டே வாருங்கள். எனக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் ஆனது. கை விறைத்துவிட்டது, ஆனால் பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வாங்கிப்போனவர் வீட்டில் அன்று சாயங்காலமே பாறையைப் பிடித்துவிட்டது.